அறுபதைத் தாண்டாத கார்

கார் கதவைத் திறந்ததுமே மெக்கானிக் மூக்கைப் பொத்திக்கொண்டார். பின்சீட்டில் குழந்தை என்றைக்கோ எடுத்த வாந்தியின் புளித்த நாற்றம் இன்னும் போகவில்லை.

"பெத்த பிள்ளை வாந்தி எடுத்தா, அதைத் துடைக்கக் கூடவா நேரமில்லை மாப்ளே?"

"வளைவுல திரும்பினாலே கக்குறான். அதுக்காக நான் நத்தை மாதிரி ஊர முடியுமா?" என்று சிரித்தான் தங்கை புருஷன். தெருவே அவனுக்கு ராக்கெட் என்று பேர் வைத்திருந்தது. அதையும் பெருமையாக எடுத்துக்கொண்ட பிறவி அவன்.

"அதை விடு மச்சான். மறுபடி என்ஜின் லைட் எரியுது. அறுபதுக்கு மேல நகர மாட்டேங்குது. உனக்கு வேலை தெரியலைன்னா சொல்லிடு, வேற இடம் பார்த்துக்கறேன்."

மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்கேனரைச் செருகினார். என்ஜினுக்குள் காற்றைத் தள்ளி வேகம் கூட்டும் டர்போவிலிருந்து வரும் காற்றழுத்தம் போதவில்லை என்று காட்டியது. பானெட்டைத் திறந்து, டர்போவிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயைத் தொட்டார். போன வாரம் தங்கை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவர் கையாலேயே முடுக்கிய கிளிப் தொளதொளவென்று கிடந்தது.

"இது தானா கழலாது. யாரோ திருப்புளி போட்டிருக்காங்க. காத்து லீக்கானா உஸ்ஸுனு சத்தம் வரும். அந்த வெட்டி பந்தாவுக்கு நீயே கழட்டி விடுறியா?"

"நல்லா இருக்கே கதை. அரைகுறையா மாட்டிட்டு, பழியை என் தலையில போடுறே."

இவனோடு பேசினால் நம் வாய்தான் நாறும் என்று மெக்கானிக் திரும்பிக்கொண்டார். போயும் போயும் இவன் கையிலா தங்கையைப் பிடித்துக் கொடுத்தோம் என்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

தங்கை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். எப்போதும் வெளிறிப்போய் இறங்கும் பிள்ளை இன்று சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் முதுகைத் தட்டிக்கொடுத்த அவள் விரல்களில், நகக்கண்ணெல்லாம் கறுப்பு அப்பியிருந்தது. அடிப்பிடித்த பாத்திரம் தேய்த்தே இவள் காலம் போகிறதே என்று அவருக்கு வயிறு எரிந்தது.

கிளிப்பை முடுக்கி, லைட்டையும் அணைத்தார்.

"இனிமே நூத்தி நாப்பது போகும்ல?" என்றான் ராக்கெட். அதற்குள் போன் வரவே, பேசிக்கொண்டே தெருப்பக்கம் போனான்.

"பிள்ளையை வெச்சுக்கிட்டு இந்தப் போக்கு போறானே, நீ கண்டிச்சுச் சொல்ல மாட்டியாம்மா?"

"சொன்னா ஆக்சிலேட்டரை இன்னும் மிதிக்கிறாருண்ணே."

தங்கை வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு அண்ணன் பக்கத்தில் வந்து, பானெட்டுக்குள் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"லைட் எரியாம, வேகம் மட்டும் குறையற மாதிரி எதைண்ணே கழட்டணும்?"