மீசையைக் காத்த வெள்ளீயம்

"தோட்டாவுக்குப் படம் வரையக் கத்துக்கொடுக்கிறியா, ஆர்வில்?"

கொட்டகை வாசலில் நின்று கேட்டாள் லவோன். அவள் கணவன் திரும்பவில்லை. தானே வார்த்த ஈயத் தோட்டாவின் மேல் ஓவியப் பென்சிலை அழுத்தி இழுத்தான். பள்ளம் விழுந்தது.

"பாரு! மிருதுவான பென்சிலே கீறுதுன்னா இது ஈயமில்ல, குழஞ்ச சோறு. சுட்டா பாதி துப்பாக்கிக் குழல்லயே அப்பிக்கும். மீதி எங்க போகுமோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்."

"கெட்டி பண்ணேன்."

"ரொம்பக் கெட்டியானா குழல்ல பிடிக்காம வழுக்கிடும். போன வருஷம் அப்படித்தானே மானம் போச்சு!"

ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தின் குறிசுடும் போட்டியில் ஐந்து வருடமாகக் கிளேட்டன்தான் ஜெயித்துவந்தான். இந்த முறையும் தோற்றால் மீசையை எடுத்துவிடுவதாக பீர்க் கடையில் ஊரறியச் சவால் விட்டிருந்தான் ஆர்வில். கல்யாணத்துக்கு முன்பே வளர்த்த மீசை. அதற்கடியில் உதடு இருப்பதே லவோனுக்கு மறந்துபோயிருந்தது.

"கொஞ்சம் வெள்ளீயம் கலந்தா பதம் வந்துடும். மொண்டானா மாநிலம் முழுக்கத் தேடிட்டேன், கிடைக்கலை."

"இரு. நம்ம வாசல்ல ஒரு கறுத்துப்போன குவளை கிடந்துச்சு. சர்ச்சுக்காக நான் சேர்க்கிற பழைய சாமான் விற்பனைக்கு யாரோ வச்சுட்டுப் போயிருக்காங்க."

அவள் கொண்டுவந்த குவளையை ஆர்வில் தட்டிப் பார்த்தான், நகத்தால் கீறினான், கடைசியில் முத்தமே கொடுத்துவிட்டான். "அசல் வெள்ளீயம்டி!"

"ஏதோ எழுதியிருக்கு போலிருக்கே?"

"உருகினப்புறம் யாரு படிக்கப் போறா?"

"சாமி காரியத்துக்கு வந்தது, ஆர்வில்."

"ஹக்கிள்பெரிப் பழ கேக் ரெண்டு செஞ்சு சர்ச்சுக்குக் கொடுத்துடு. சாமி மன்னிச்சுடும்."

குவளை சட்டிக்குள் கரைந்தது. புதிதாக வார்த்த தோட்டாவில் அதே பென்சிலின் முனைதான் மழுங்கியது. ஆர்வில் கொட்டகைக்குள் ஒரு சுற்று ஆடியே தீர்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை போட்டியில் அவன் சுட்டதெல்லாம் நடுவட்டத்தில் விழுந்தது. ஒவ்வொரு தோட்டாவும் பலகையைத் துளைத்துப் பின்னாலிருந்த மண்மேட்டில் புதையப் புதைய, கைதட்டல் காதைப் பிளந்தது.

கிளேட்டன் வந்து கையைக் குலுக்கினான். "ஜெயிச்சுட்டடா, பாவி! மீசை பிழைச்சுது. சரி, போட்டிக் கோப்பையை எடு. சங்கத் தலைவர் உன் கையில கொடுக்கக் காத்திருக்காரு."

"கோப்பையா? என்கிட்ட ஏது?"

"என் வீட்டுல கிடந்து கரிக்கட்டையா போச்சு. லவோன் பளபளன்னு தேய்ச்சு வைப்பான்னு உன் வீட்டு வாசல்லதானே வச்சுட்டு வந்தேன்!"

ஆர்விலின் கை தானாகவே மீசையைப் பொத்தியது.

லவோன்தான் வாய் திறந்தாள். "தலைவரே, ஆளுக்கொரு மண்வெட்டி எடுங்க. காலையில இருந்து இவன் சுட்டது அந்தக் கோப்பையைத்தான்."