முன்சீட்டில் அரிசி மூட்டை

இக்னேசியஸ் சேர் அரிசி மூட்டையை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, தன் மொரிஸ் மைனரின் இடப்பக்க முன்சீட்டில் உட்கார வைத்தார். கதவை அடித்துச் சாத்தாமல் மெதுவாகத் தள்ளி மூடினார்.

அவர் பெண்சாதி பவுலின் டீச்சர் ஏறினால் அப்படித்தான் மூடுவார்.

"இப்ப அளங்க, ஹலீம் நானா," என்றார்.

லிந்துலையில் இருக்கும் என் கராஜுக்கு இந்தக் கார் வருவது இன்று நேற்றல்ல. அக்கரப்பத்தனையில் ஒரு தேயிலைத் தோட்டத்து டாக்டரிடமிருந்து புருஷனும் பெண்சாதியும் அதை வாங்கிய நாளிலிருந்து, முன்பக்கத்தை என்னைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. தொட விடவும் மாட்டேன்.

இந்தக் காருக்கு முன்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாக, அடியில் ஓடும் நீளமான இரும்புக் கம்பிதான் முறுக்கிக்கொண்டு பாரத்தைத் தாங்கும். கம்பியின் பின்முனையை ஏற்றிப் பூட்டினால் அந்தப் பக்கம் உயரும். இறக்கிப் பூட்டினால் தாழும்.

சேர் ஒல்லி. டீச்சர் அப்படியில்லை. கார் எப்போதும் டீச்சர் பக்கம் சாயும்.

அதனால் ஒவ்வொரு நத்தார் பண்டிகைக்கு முன்னும் இரண்டு பேரும் சேர்ந்து வருவார்கள். டீச்சர் இறங்காமல் உட்கார்ந்திருப்பார். நான் தரைக்கும் மட்காட்டுக்கும் நடுவே குச்சியை வைத்து, அதிலுள்ள கீறலுக்கு வரும்வரை இடப்பக்கத்தை உயர்த்திக் கொடுப்பேன். டீச்சர் கையில் வடை இருக்கும்.

"டீச்சர், வடைக்கு முந்தி அளக்கவா, பிந்தி அளக்கவா?" என்று கேட்பேன்.

அவர் சிரிக்கிற சிரிப்பில் காரே ஆடும். ஆட்டம் நிற்கும்வரை குச்சியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். அந்தச் சத்தம் இல்லாத கராஜ் எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் கார் நிறுத்தும் கொட்டகைச் சுவரில் சேர் ஒரு வெள்ளைக் கோடு போட்டு வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் இருவரும் உடனே இறங்க மாட்டார்கள். அப்படியே இருந்து, போனட் அந்தக் கோட்டுக்கு நேராக நிற்கிறதா என்று பார்ப்பார்கள். தனக்குத் தராசே தேவையில்லை, அந்தக் கோடு போதும் என்று டீச்சர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

இந்தத் தடவை சேர் தனியாக வந்திருக்கிறார். நத்தாருக்கு இன்னும் எத்தனையோ மாதம் கிடக்கிறது.

குச்சியை வைத்தேன். மட்காட் கீறலைத் தாண்டி எழும்பி நின்றது. நன்றாகவே எழும்பி நின்றது.

"டீச்சர் இதவிட பாரமாச்சே, சேர்." அதைக் கேட்கத்தான் வேண்டியிருந்தது.

"இப்ப இவ்வளவுதான், நானா." சேர் மூட்டையைப் பார்த்தபடியே சொன்னார். "போன மாசம் கிளினிக்ல காட்டின நிறை. தோட்டத்துல கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தராசுல அதே அளவுக்கு நிறுத்துக் கட்டினேன். நோயில படுத்ததுக்கு அப்புறம் இந்த ஞாயித்துக்கிழமைதான் முதல் தடவையா கோயிலுக்கு வாறா. திரும்பி வந்து அந்தக் கோட்டைப் பார்ப்பா. எவ்வளவு இளைச்சிட்டோம்னு அவ பயந்துறக் கூடாது."

ஜாக்கி போட்டேன். அடியில் படுத்து, கம்பியின் பின்முனையைக் கழற்றி, இறக்கிப் பூட்டினேன். இத்தனை வருஷத்தில் இடப்பக்கத்தை இறக்கியது இதுதான் முதல் தடவை. காரை முன்னும் பின்னும் தள்ளி, அது படிந்ததும் மறுபடி குச்சியை வைத்தேன்.

மட்காட் கீறலில் வந்து நின்றது.

சேர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். சரியாக இருக்கிறது என்று இரண்டு தரம் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, லிந்துலைப் பனியின் மேல் பழியைப் போட்டார்.

எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். கிரீஸ் அடிக்கிற வேலை பாக்கி இருக்கிறது என்றேன்.

அவர் ரோட்டைக் கடந்ததும், மூட்டையின் முடிச்சை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டு அவிழ்த்தேன். காலையிலேயே பக்கத்துக் கடையில் இரவல் வாங்கி ஒளித்து வைத்திருந்த தராசை எடுத்தேன். அரிசியை இரண்டு கையாலும் அள்ளி அதில் போட்டேன். அள்ள அள்ள மூட்டை சீட்டில் தளர்ந்து சரிந்தது. சொன்ன கணக்கு வரும்வரை நிறுத்தவில்லை.

மறுபடி காருக்கு அடியில் போய் இடப்பக்கத்தை இன்னும் கொஞ்சம் இறக்கினேன். இந்த வித்தியாசம் வேறு யார் கண்ணிலும் படாது. ஞாயிறுக்கு ஞாயிறு அந்தக் கோட்டைப் பார்த்துப் பழகிய இரண்டு பேர் கண்ணில் படும்.

அரிசியைத் திருப்பிக் கொட்டி, சேர் போட்டிருந்த அதே முடிச்சைப் போட்டு, மூட்டையை டிக்கியில் வைத்தேன். திரும்பி வந்தவர் வெறும் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, நிம்மதியாகக் காரை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று காலையில் நான் கராஜைத் திறக்கும்போதே டீச்சர் போன் பண்ணியிருந்தார். சிரிக்கத்தான் பார்த்தார். மூச்சு விட்டுவிட்டு வந்தது.

"நானா, நேத்து சேர் வீட்டு அரிசியெல்லாம் மூட்டை கட்டிக்கிட்டு மடுவத்துக்குப் போனாரு. எதுக்குன்னு எனக்குத் தெரியும். அவர் சொல்ற மாதிரியே செஞ்சு குடுங்க. அப்புறம் அவருக்குத் தெரியாம அதுல அஞ்சு கிலோ கழிச்சிருங்க. கிளினிக்ல காட்டினதுக்கு அப்புறம் இன்னும் இளைச்சிட்டேன், உள்ளுக்குள்ள ரெண்டு சுவெட்டர் போட்டுக்கிட்டுத்தான் அவர் முன்னால நடமாடுறேன். கோடு தப்பினா அவர் தாங்க மாட்டாரு, நானா."