நாலு கதிரும் மூன்று குலுக்கமும்

“லேசர் மேசை மூண்டு தரம் குலுங்குது, நிக்குது. திரும்பவும் மூண்டு தரம். ஆரோ வேணுமெண்டு செய்யினம்!” றொசாந்தி கணினித் திரையைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

காதுக்கு ஒரு சத்தமும் இல்லை. ஆனால் நாலு லேசர் கதிர்களை அலைக்கு அலை பிசகாமல் இணைத்து, பலமான ஒரே கதிராக்குவது என்ன சும்மா வேலையா? மேசை மயிரிழையில் நூறில் ஒரு பங்கு ஆடினாலும் எல்லாம் குலைந்துவிடும்.

மூன்று வருட ஆராய்ச்சி. கொழும்பிலிருந்து வரும் பரிசோதகர் இரண்டு மணிக்குப் பார்த்துவிட்டு, பின்னேரமே திரும்பிவிடுவார். அவர் கண்முன்னே கதிர் குலையாமல் நின்றால்தான் அவளுக்குப் பட்டம்.

அதற்காக அவள் செய்யாதது இல்லை. ஒன்றரைக்கே ஏசியை நிறுத்தினாள், சுவருக்குப் பின்னால் ஓடும் லிஃப்டின் மெயின் சுவிட்சை இறக்கினாள், வாசலில் கதைத்துக்கொண்டு நின்ற மாணவர்களை ஏசிக் கலைத்தாள். பிறகும் இந்தக் கோதாரிக் குலுக்கம்!

“உவன் பட்டறைக் கீர்த்திகன்தான். கீழ சுத்தியலால அடிக்கிறான் போல.”

உதவியாளர் லவீனா ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். “பட்டறை பூட்டிக் கிடக்குது, அக்கா.”

திரையில் மறுபடி மூன்று குலுக்கம். இந்த முறை இன்னும் பலமாக.

“மாதாவே! மூண்டாம் மாடியில லேசர் கூடம் கட்டினவன்ரை கையை முறிக்கோணும்!” றொசாந்திக்கு அழுகையே வந்துவிட்டது.

மணி இரண்டரை. பரிசோதகரையும் காணவில்லை, அவருடைய போனும் வேலை செய்யவில்லை.

“கண்டறியாத பரிசோதகர்! சொன்ன நேரத்துக்கு வரத் தெரியாது, இதுக்குள்ள எனக்குப் புள்ளி போட வாறாராம்!”

சொல்லி வாய் மூடவில்லை, குலுக்கம் நின்றது. ஒரு நிமிடம் போனது, ஐந்து நிமிடம் போனது. நாலு கதிரும் ஒன்றாகி, எதிர்ச் சுவரில் ஒரே புள்ளியாக அசையாமல் நின்றன.

“அப்பாடா! இனி மனுசன் வந்தால் போதும்.” றொசாந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசல் காவலாளிக்குப் போன் எடுத்தாள்.

“முத்துக்குமாரு அண்ணை, கொழும்பு ஐயா வந்தவுடனை படியால ஏத்தி விடுங்கோ. லிஃப்டை நான் நிப்பாட்டிப் போட்டன்.”

மறுமுனையில் முத்துக்குமாரு கத்தினார்.

“அவரை ஒண்டரைக்கே லிஃப்டில ஏத்தி விட்டிட்டன், பிள்ளை!”