நாலாவது ஆள்

முதல் மாடி வீட்டின் கதவைத் திறந்துவிட்டு வீட்டுக்காரர் கேட்டார். "மொத்தம் மூணு பேர்தான? தண்ணி அவ்வளவுதான் ஏறும்."

"மூணே பேர்தாங்க. நான், இவ, பையன்" என்றான் லிஃப்டுக்காரன்.

இதைத் தடுமாறாமல் சொல்லப் பழகுவதற்குள் எத்தனையோ வீடுகள் கைநழுவிப் போயிருந்தன.

ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் பழுதுபார்க்கிறவன் குடியிருப்பது லிஃப்டே இல்லாத ஐந்தாவது மாடியில். மற்றவர்கள் சிரிப்பதற்குள் அவனே அதைச் சொல்லிச் சிரித்துவிடுவான்.

ஆனால் அம்மாவின் முட்டி அந்த நகைச்சுவையை ரசிக்கவில்லை.

அவளுக்காகத்தான் இந்த வீட்டு வேட்டையே. ஆனால் அவளையும் கணக்கில் சேர்த்தால் வீடு கிடைக்காது.

ஆகவே குடிவந்த பிறகு, ஒரு பையோடு அவளைச் சத்தமில்லாமல் உள்ளே சேர்த்துக்கொள்வதாக ஏற்பாடு. எத்தனை படியென்று நானே பார்க்கிறேன் என்று அவள்தான் அடம்பிடித்து, ஆஸ்பத்திரியில் ஆயா வேலை முடிந்த கையோடு வந்து, கீழே வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

எங்களைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளாதே என்று சொல்லிவைத்திருந்தான்.

அவன் குழாயைத் திறந்து பார்த்தான். சொட்டிய தண்ணீரை ஆகா என்றான். காரை உதிர்ந்த சுவரைக் காற்றோட்டம் என்றான். மனைவி பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கிள்ளினாள், போதும் என்று.

"எங்களுக்குப் பிடிச்சிருக்குங்க."

எல்லோருமாகக் கீழே இறங்கினார்கள்.

வாசலில் அம்மாவுக்கு நாற்காலி போட்டிருந்தது. கையில் டம்ளர். பக்கத்தில் வீட்டுக்காரம்மா, பல நாள் பழகியவளைப் போல.

"ஏங்க, வீட்டை இந்த அக்காவுக்கே பேசி முடிச்சுட்டேன். ஒத்தை ஆளு, சொந்தச் சம்பாத்தியம். டூட்டிக்குப் போயிட்டா வீடு பூட்டியேதான் கெடக்கும்."

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார்.

வீட்டுக்காரம்மா இவன் பக்கம் திரும்பி, தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்ற அக்கறையோடு சொன்னாள். "சொந்தக்காரங்க யாரும் வந்து தங்கக் கூடாதுன்னேன் தம்பி. பாவம், அப்படி யாருமே இல்லையாம்."

மனைவி சட்டென்று தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா என்று கேட்க அவனுக்குத் துணிவில்லை.

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரரைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் எங்கயாவது அமையும் தம்பி."