ஒரு பூஜ்யம் கூடுதல்

தராசு அச்சடித்துத் தந்த சீட்டைப் பார்த்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது.

அறுபது மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் அறுநூறு.

அக்கா ரூமியானா அதைப் பால் சர்க்கரையோடு கலந்து, முப்பது பொட்டலங்களாக மடித்து, பெட்டியில் அடுக்கி, லேபிளில் கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் என் பக்கம் நகர்த்தியிருந்தாள். எங்கள் மருந்துக்கடையில் ஒருத்தி எடுத்து வைத்ததை மற்றவள் சரிபார்க்காமல் எதுவும் வெளியே போகாது. இன்று அளந்தது அவள். சரிபார்ப்பது நான்.

கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் மிலென் நின்றிருந்தான். டான்யூப் ஆற்றில் சரக்குப் படகு ஓட்டுகிறவன். அவன் மார்போடு துணியில் கட்டப்பட்டு மூன்று மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

மருந்து அந்தக் குழந்தையின் இதயத்துக்கு.

"என்னக்கா, மருந்து செய்யறீங்களா, கப்பல் கட்டறீங்களா?" என்றான்.

"லேபிள்ல மை பரவிடுச்சுப்பா. கொஞ்சம் இரு, மாத்தித் தர்றேன்," என்றேன்.

மை பரவவில்லை.

பின்னறைக்குப் போய் முப்பது பொட்டலங்களையும் கழிவுப் பெட்டியில் கொட்டினேன். புதிதாக அளந்தேன். தராசின் எண்கள் நிலைக்கும் வரை மூச்சுவிடவில்லை.

ஒரு மாதத்தில் இது மூன்றாவது தடவை.

முதல் தடவை, ஒரு பெரியவரின் மாத்திரைப் பெட்டி மாறியிருந்தது. அடுத்தது ஒரு களிம்பு. அதில் சேர்க்க வேண்டியதில் ஒன்று விட்டுப்போயிருந்தது. இரண்டையும் அவள் அறியாமல் நானே சரிசெய்து கொடுத்தேன். பிழை நோயாளியிடம் போகும் முன்பே பிடிபட்டாலும் பதிவேட்டில் எழுதியாக வேண்டும் என்பது விதி.

நான் எழுதவில்லை.

அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது. ஒரு கையால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எனக்குத் தலைவாரிவிட்டே மருந்தியல் படித்து முடித்தவள் அக்கா. 'ரூமியானா குடுத்தா கண்ண மூடிக்கிட்டு முழுங்கலாம்' என்று சொல்கிற ஊர் இது. அப்படிப்பட்டவளின் பெயரை அந்தப் பதிவேட்டில் நான் எப்படி எழுதுவேன்?

மடித்து முடித்துப் பெட்டியை அவளிடம் நீட்டினேன். நான் செய்ததை இப்போது அவள் சரிபார்க்க வேண்டும்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். சீட்டில் இருந்த ஒவ்வொரு எண்ணின் மீதும் விரல் நுனியை வைத்து, உதடு அசையப் படித்தாள். திரும்ப முதலிலிருந்து ஒருமுறை.

"இப்ப சரியா இருக்கு. குடு."

அந்த 'இப்ப' அப்போது என் காதில் உறைக்கவில்லை.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, தாய்ப்பாலில் கரைத்துக் கொடு என்று மிலெனுக்கு அவளே இரண்டு தடவை சொன்னாள். அவனைத் திருப்பிச் சொல்லவும் வைத்தாள். துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழந்தையின் பாதத்தை ஒற்றை விரலால் தொட்டாள். தொட்ட விரலைச் சற்று நேரம் எடுக்கவில்லை.

அவன் போன பிறகு கடையில் யாருமில்லை.

அந்தக் குழந்தை ஐந்து கிலோகூட இருக்காது. இனியும் எழுதாமல் இருந்தால் நான் இந்த வெள்ளைக் கோட்டைப் போடக்கூடாது. அலமாரியிலிருந்து பதிவேட்டை எடுத்துத் திறந்தேன்.

ஏற்கெனவே எழுதியிருந்தது.

மே பத்தொன்பது, மாத்திரைப் பெட்டி. மே முப்பது, களிம்பு. அதற்குக் கீழே இன்றைய தேதி, குழந்தையின் மருந்து, பத்து மடங்கு. மூன்றும் அக்காவின் கையெழுத்து. 'பிழை செய்தவர்' என்ற இடத்தில் மூன்று தடவை அவள் பெயர். 'பிடித்தவர்' என்ற இடத்தில் மூன்று தடவை என் பெயர், எலித்ஸா.

இன்றையதை, நான் பின்னறையில் அளந்துகொண்டிருந்தபோது, கவுன்ட்டரிலேயே கிடந்த தராசுச் சீட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாள்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"நீ மட்டும் சொன்னியாடி?"

பதிவேட்டை மூடினேன்.

"ரெண்டு பேர் பாக்கறோமே, எதுவும் தப்பிப் போயிடாதுன்னு இருந்துட்டேன்," என்றாள். "இன்னிக்கு அந்தப் புள்ளையப் பாத்ததும் பயந்துட்டேன். விதின் டவுன்ல ஸ்வெத்லான்னு ஒரு பொண்ணு ஃபார்மசி முடிச்சுட்டு வேலை தேடிட்டு இருந்தாள்ல, அவகிட்ட இப்பதான் பேசினேன். திங்கக்கிழமை வந்துருவா."

சொல்லிக்கொண்டே வெள்ளைக் கோட்டைக் கழற்றினாள். மடித்து நாற்காலி முதுகில் போட்டாள். பிறகு கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு போய், வாங்க வருகிறவர்கள் நிற்கும் இடத்தில் நின்றாள். அங்கே அவள் நின்று நான் பார்த்ததே இல்லை. கொஞ்சம் குள்ளமாகத் தெரிந்தாள்.

கைப்பையைத் துழாவி, ஒரு மருந்துச் சீட்டை எடுத்து என் முன்னால் விரித்து வைத்தாள்.

நரம்பு மருத்துவரின் முத்திரை. நோயாளி பெயர், ரூமியானா. மறதி நோய் தொடங்கும்போது எழுதித் தருகிற மாத்திரை. தேதி, ஏப்ரல் பதினான்கு. மடித்து மடித்துத் தாளின் நடுவே கிழிய ஆரம்பித்திருந்தது.

ஊரில் இருப்பது எங்கள் கடை ஒன்றுதான். விதினிலும் எங்களைத் தெரியாத மருந்துக்கடை இல்லை. என் கண்ணில் படாமல் இங்கிருந்து ஒரு மாத்திரைகூட வெளியே போக முடியாது.

அதனால்தான் இரண்டு மாதமாக அவள் அதை வாங்கவே இல்லை.