சொந்த ஊருக்குப் பாதி

“கெட்டிப் போன பெறகும் ஆடுவியாடி, மக்கா?”

மூன்று வருடங்களுக்கு முன், அணியை நடத்துகிற புளோரன்ஸ் அக்கா அவளிடம் கேட்ட கேள்வி. பயிற்சி முடிந்து, கிளவுஸில் ஒட்டிய கடல் மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள் அவள்.

ஆடுவேன் என்றாள்.

சொன்னபடி நின்றாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தேநீர்த் தட்டைக் கீழே வைப்பதற்குள், கோல் காப்பதை விட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை சிரித்தான்.

மாமியார்தான் குறுக்கே நிற்பாள் என்று ஊரே சொன்னது. அந்த மாமியார் நேற்றே கிளவுஸைத் துவைத்து, கருவாட்டு வாடை படாத பக்கம் பார்த்துக் காயவைத்துக் கொடுத்திருக்கிறாள்.

குறுக்கே நின்றது ஒரு தாள்.

மாதா கோயில் மண்டபத்து மேசையில் அது கிடக்கிறது. அணியில் யார் யார் என்று எழுதி, ஆறு மணிக்குள் எல்லா ஊர்களும் லீக்குக்கு வாட்ஸப்பில் படம் பிடித்து அனுப்ப வேண்டும். பதின்மூன்று பெயர் ஏறிவிட்டது. பதினான்காவது வரி காலி.

கடிகாரத்தில் ஐந்தே கால்.

கடற்கரைப் பெண்கள் கால்பந்து லீக்கில் ஓர் அணி ஒரு பருவத்துக்கு எண்பதாயிரத்துக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது. வெளிநாட்டுப் பணம் புழங்கும் ஊர்கள் நல்ல ஆட்டக்காரிகளை வாரிக்கொண்டு போகாமலிருக்க அந்த வரம்பு. அதில் ஒரு சலுகையும் உண்டு. அந்த ஊர்க் கோயில் பதிவேட்டில் பெயர் இருக்கிறவள் என்றால், அவள் சம்பளத்தில் பாதிதான் கணக்கில் ஏறும்.

ஆண்கள் லீக்கில் இருந்த விதி. எங்களுக்கும் அதுவே வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டு வாங்கியவள் புளோரன்ஸ் அக்கா. கை தூக்கி ஆதரித்தவர்களில் அவளும் ஒருத்தி.

ஆண்கள் கல்யாணம் முடித்தாலும் சொந்த ஊரிலேயே இருப்பார்கள்.

இது அன்றைக்கு ஒருத்திக்கும் தோன்றவில்லை.

சித்திரையில் கல்யாணம். அவள் பெயர், ஆறு கடலில் சேரும் பொழிமுகத்துக்கு அந்தப் பக்கம், கணவன் ஊர்க் கோயில் பதிவேட்டுக்குப் போய்விட்டது. இங்கே பிறந்து, இங்கே ஞானஸ்நானம் பெற்று, ஆறு வருடம் இந்தக் கோலில் நின்றவள் இப்போது வெளியூர்க்காரி. அவள் சம்பளம் பத்தாயிரம். போன வருடம் ஐயாயிரமாக ஏறியது. இந்த வருடம் முழுசாக ஏறும்.

வரம்பில் மீதம் ஐயாயிரம்.

பாதிச் சம்பளம் போதும் என்றாள். சும்மாவே ஆடுகிறேன் என்றாள். வெளியூர்க்காரிக்குப் பத்தாயிரத்துக்குக் குறைத்துக் காட்டக் கூடாதாம். குறைத்துக் காட்டிவிட்டு மீதியை மறைத்துக் கொடுப்பார்களாம். அதற்கும் ஒரு விதி. அணிக்குப் பணம் போடுகிற ஐஸ் பிளான்ட் முதலாளி காலையிலிருந்து பணக்கட்டோடு வெளியே உட்கார்ந்திருக்கிறார். வரம்பு இருக்கிறவரை அந்தக் கட்டை வாங்கிக் கடலில்தான் போட வேண்டும்.

எதிர் பெஞ்சில் லிஜி, பூட் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். கோல் அடிக்கிறவள். பழைய அணியோடு ஒப்பந்தம் முடிந்து, யார் கூப்பிட்டாலும் போகலாம் என்று இருந்தவள். இருபதாயிரம். தாளில் லிஜி பெயர் மட்டும் பென்சிலில் இருந்தது. அதை அழித்தால்தான் இன்னொரு பத்தாயிரத்துக்கு இடம் வரும்.

போன வருடம் ஒன்பது ஆட்டத்தில் கோலில் நின்று அவள் விட்டது நாலே கோல். அணி அடித்தது இரண்டு.

காலையில் லிஜியைச் சோதித்துப் பார்க்க அவளைத்தான் கோலில் நிறுத்தினார்கள். பத்து பெனால்டி. ஏழு பந்தைப் பிடித்தாள். லிஜி வலது பக்கம் அடிப்பதற்கு முன் இடது கம்பத்தை ஒரு நொடி பார்ப்பாள். இரண்டாவது பந்திலேயே அவளுக்கு அது தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் பிடித்த ஏழு பந்தை அக்கா எண்ணவில்லை.

“உனக்கே மூணு போட்டுட்டா பாத்தியா! அப்பொ மத்தவளுவ என்ன ஆவாளுவ?”

கோலுக்கு ஷைனி இருக்கிறாள். ஊர்ப்பெண். பாதிக் கணக்கு. உயரப் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள்.

கணவன் ஊர்க்காரர்களும் இரண்டு தடவை வீடு தேடி வந்து கேட்டார்கள். அங்கே அவள்தான் பாதிக் கணக்கு. “எங்க மருமக அவ ஊருக்குத்தான் ஆடுவா” என்று மாமியாரே சொல்லி அனுப்பிவிட்டாள். எங்கள் தாளில் ஒரு வரி கடைசி வரை அவளுக்காகக் காலியாகவே கிடக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

ஐந்து முப்பத்தைந்து.

அக்கா அழிப்பானை எடுத்தாள். பென்சில் பெயருக்கு மேல் அது கொஞ்ச நேரம் நின்றது.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். பெனால்டிக்கு நிற்பதுபோல.

அக்கா அழிப்பானை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். பென்சில் கோட்டின் மேலேயே மெதுவாக எழுதினாள். லி. ஜி.

“ஒரு வருசம் பொறுத்துக்க, மக்கா. அடுத்த கூட்டத்துல விதிய மாத்திப் போடலாம்.”

தாளிலிருந்து முகத்தைத் தூக்காமல் சொன்னாள்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு மணிக்கு இன்னும் இருபது நிமிடம். வள்ளத்தில் பொழிமுகத்தைக் கடக்கப் பத்து நிமிடம் போதும்.

சுவரில் ஆட்டப் பட்டியல் ஒட்டியிருந்தது. முதல் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. இந்த ஊரும் அவள் கணவன் ஊரும்.

மேசை மேலிருந்த கிளவுஸை எடுத்தாள். லிஜியின் முன்னால் ஒரு கணம் நின்றாள். லிஜியின் கண்ணைப் பார்த்தாள்.

அப்போதுதான் அக்கா தலையைத் தூக்கினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பட்டியலைப் பார்த்தாள். பேனா கையிலேயே நின்றது.

“எடி... மக்கா...”

அவள் படியிறங்கி வள்ளத்தை நோக்கிப் போனாள்.