சண்டைக்கு வந்த அண்ணன்

"அம்மாவோட கண்ணாடி பீரோவை எப்போ திருப்பித் தரப்போறே?"

போனை எடுத்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வியே அதுதான். அவளுக்கு எதுவும் புரியவில்லை.

"அண்ணா, நான் ஆஸ்பத்திரியில இருக்கேன். அவரை இப்பத்தான் ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போனாங்க."

"தெரியும், நேத்தே சொன்னியே. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே அவள் கணவனுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. 'பயப்படாதீங்க' என்று டாக்டர் சொன்ன விதமே அவளைப் பயமுறுத்தியிருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியார் வீட்டில் இருந்துவிட்டார். துணைக்கு வரச் சொல்லி நேற்று அண்ணனைத்தான் கூப்பிட்டாள். 'ஒயரிங் வேலை பாதியில நிக்குது, வர முடியாது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். அந்த வருத்தமே ஆறவில்லை. இப்போது பீரோவாம்!

"இப்பப் பேசுற பேச்சா இது? வந்து எடுத்துட்டுப் போ. நானா வேண்டாம்னேன்?"

"கண்ணாடியில கீறல் விழுந்திருக்காமே? யாரு வேலை அது?"

"வண்டியில ஏத்தினப்ப விழுந்த கீறல். கயித்தை ஒழுங்காக் கட்டாதது நீ."

"நான் கட்டின கட்டு அவிழுமா?"

"ஆமா, பெரிய கட்டு! சைக்கிள் பின்னாடி நீ கட்டின என் புத்தகப்பை நடுரோட்டுல விழுந்துச்சே, மறந்துபோச்சா?"

"அதை அப்பாகிட்ட போட்டுக்குடுத்து எனக்கு அடி வாங்கிக் குடுத்தவதானே நீ!"

இன்றைக்கும் கடைசித் துண்டு கேக்கைக்கூட அவளுக்கே விட்டுக்கொடுக்கும் அண்ணன். அதிர்ந்து ஒரு சொல் பேசாதவன். அண்ணி ஏதாவது தூபம் போட்டுவிட்டாளா? பகலிலேயே குடித்திருக்கிறானா?

குழப்பம் கோபமாக மாறியது. வராந்தாவில் இங்கும் அங்கும் நடந்தபடி, சின்ன வயதில் அவன் அவள் பொம்மையின் முடியை வெட்டியது, ரேடியோவை வாளித் தண்ணீரில் போட்டது, ஜன்னலோர சீட்டைப் பிடுங்கிக்கொண்டது என்று ஒன்று விடாமல் பிடிபிடியென்று பிடித்தாள். அவனும் விடவில்லை. ஒவ்வொரு முறை அவள் போனை வைக்கப் போகும்போதும் புதிதாக ஒரு பழியைத் தூக்கிப் போட்டான். பெஞ்சில் இருந்தவர்கள் தங்கள் கவலையை மறந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"நீயெல்லாம் ஒரு அண்ணனா?" என்று அவள் கத்தியபோது யாரோ தோளைத் தொட்டார்கள். நர்ஸ்.

"எவ்வளவு நேரமாம்மா கூப்பிடுறது! ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கண் முழிச்சதும் பார்க்கலாம்."

நிமிர்ந்தாள். விளக்கு அணைந்திருந்தது. எப்போது அணைந்தது?

"அண்ணா... அவருக்கு ஒண்ணும் இல்லையாம். நல்லா இருக்காராம்."

போன் கட்டாகிவிட்டது. திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. நல்ல செய்திக்கு ஒரு வார்த்தைகூடவா இல்லை? இவனுக்கு என்னதான் ஆயிற்று?

அப்போது வாளியும் துடைப்பானுமாகப் படியேறி வந்த துப்புரவுப் பெண், நர்ஸிடம் சொன்னாள்.

"கீழ்ப் படிக்கட்டுல ஒருத்தர் காலையிலேர்ந்து உக்காந்துக்கிட்டு யாரோ தங்கச்சிகூட போன்ல ஒரே சண்டை அக்கா. கண்ணுல தண்ணி கொட்டுது, வாய் மட்டும் ஓயல. இப்போ போனை வெச்சுட்டு விக்கி விக்கி அழுறாரு. ஏதோ சொத்துத் தகராறு போல, பாவம்."

அவள் படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

கசங்கிய சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணன் அசடு வழிந்தான். நன்றி சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது.

"இங்கயே இருந்துக்கிட்டு... மேல வந்து பக்கத்துல உக்காந்திருக்கக் கூடாதாண்ணா?"

"உக்காந்திருந்தா ரெண்டு பேரும் அந்தக் கதவையே பார்த்துப் பயந்து செத்திருப்போம்டி. உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு எனக்கு எங்க சண்டை வரும்?"